தலை சாய்ந்தால் நாள் பார்க்காதீர்கள்

கினிப் பன்றியின் காதை விஞ்ஞானிகள் அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்து முடித்துவிட்டார்கள். வீட்டில் வளர்ப்பவர்கள்தான் அதை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

திருவனந்தபுரம்

ஒரு நாள் காலையில் கூண்டைத் திறந்தால் பிராணியின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், யாரோ சொல்லும் ரகசியத்தைக் காது கொடுத்துக் கேட்பதுபோல. குழந்தைகளுக்கு இது வேடிக்கை. போட்டோ எடுப்பார்கள், பக்கத்து வீட்டைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அடுத்த சில நாட்களில் அது நேராக நடக்காமல் ஒரே பக்கமாக வட்டமிடும். தீனித் தட்டுவரை போய் வாய் எட்டாமல் தடுமாறும். கடைசியில் விழுந்து உருளத் தொடங்கும்போதுதான் வீட்டுப் பெரியவர்கள் மிருக வைத்தியரைத் தேடுவார்கள். கோளாறோ வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், காதுக்குள் இருந்திருக்கும்.

கேரளத் தலைநகரில் கினிப் பன்றி வளர்ப்பது இன்று அபூர்வமல்ல. நாய் வளர்க்க அனுமதிக்காத அடுக்குமாடிக் குடியிருப்புகளில், குழந்தையின் நச்சரிப்புக்கு இறங்கி வரும் பெற்றோருக்கு இது வசதியான சமரசம். குரைக்காது, கடிப்பது அரிது, கூண்டில் அடங்கும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். மலையாளிகள் ‘கினிப்பன்னி’ என்கிறார்கள். கரமனை, வலியசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலும் அதே பெயர்தான் புழங்குகிறது. பாட்டிகளுக்கு மட்டும் அது ‘அந்த வெள்ளெலி’. உண்மையில் இது கினி நாட்டைச் சேர்ந்ததுமில்லை, பன்றியுமில்லை. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாட்டில், பெரு தேசத்து மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இறைச்சிக்காக வளர்த்து வந்த கொறிக்கும் பிராணி.

குளிர்ந்த, காற்றோட்டமான மலைநாட்டுக்காரனைக் கொண்டுவந்து இடவப்பாதி மழையும் துலாவர்ஷமும் மாறிமாறிக் கொட்டும் கடற்கரை நகரத்தில் வைத்தால் என்ன ஆகும்? 18 முதல் 24 டிகிரி வெப்பம்தான் அதற்குச் சுகம். திருவனந்தபுரத்தில் மதிய வெயில் ஆண்டின் பெரும்பகுதி 30 டிகிரியைத் தாண்டுகிறது. காற்றில் எப்போதும் ஈரம். காயாத விரிப்பு, சிறுநீர் நெடி, மர அறுவை மில்லிலிருந்து வாங்கிக் கொட்டிய மரத்தூள் எல்லாம் சேர்ந்து பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் தோதாகிவிடுகின்றன. காது நோய்க்கு ஈரம் மட்டுமே காரணமில்லை. ஆனால் ஈரமான கூண்டில் மூக்கும் தோலும் முதலில் கெடுகின்றன. காது அதன் பின்னால் போகிறது.

நல்ல காது எப்படியிருக்கும் என்று தெரிந்தால்தான் கெட்ட காதை அடையாளம் காண முடியும். கினிப் பன்றியின் காது மடல் ரோஜா இதழ்போல மெல்லியது, சற்றே கவிழ்ந்தது, பெரும்பாலும் முடியில்லாதது. நிறம் இளஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். ஒரே பிராணிக்கு ஒரு காது கறுப்பு, மற்றது சிவப்பு என்றாலும் கவலை வேண்டாம். காதுக்குப் பின்னால் சிறுகாசளவுக்கு முடியற்ற வழுக்கை இருக்கும். இதைப் பார்த்துப் பதறிப்போய், படர்தாமரை என்று நினைத்து மருந்து தடவுகிறவர்கள் ஏராளம். அது பிறவியிலேயே உள்ளது. இரண்டு பக்கமும் ஒரே அளவில், செதில் இல்லாமல், வழுவழுப்பாக இருந்தால் நோயில்லை.

காதுக்குள் கொஞ்சம் குறும்பி இருக்கும், வயதானவற்றில் அதிகமாகவே. காய்ந்த, மணமில்லாத குறும்பி கெடுதல் செய்வதில்லை. நாற்றம் அடித்தால், மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஈரம் கசிந்தால், மடல் சூடாகிச் சிவந்திருந்தால், தொட்டதும் பிராணி தலையை இழுத்துக்கொண்டு கத்தினால், ஏதோ நடக்கிறது என்று பொருள். வாரம் ஒரு முறை, பகல் வெளிச்சத்தில், ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இரண்டு காதையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். இரண்டு நிமிட வேலை. காதுக்குள் பஞ்சுக்குச்சி விடக் கூடாது. குறும்பியை அது வெளியே எடுப்பதில்லை, உள்ளே தள்ளி அடைக்கிறது.

வெளிக்காதில் வரும் தொல்லைகள் பெரும்பாலும் தோலின் தொல்லைகள். படர்தாமரை என்னும் பூஞ்சை நோய் மூக்கு, கண் ஓரம், காது மடல் என்று முகத்திலிருந்துதான் ஆரம்பிக்கும். வட்டமாக முடி கொட்டி, தவிடு போலச் செதில் உதிரும். இது குழந்தைகளுக்கும் தொற்றக்கூடியது. பிராணியைக் கொஞ்சும் சிறுவனின் கழுத்தில் அரிப்புடன் சிவப்பு வட்டம் தெரிந்தால் இருவரையும் அவரவர் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒன்றாக வளர்க்கும் ஆண்கள் சண்டையிட்டுக் காதைக் கிழித்துக்கொள்வதும் உண்டு. காயம் சின்னதாகத் தெரியும், சில நாளில் சீழ் கட்டும்.

இவற்றைவிடக் கொடியது கண்ணுக்குத் தெரியாத சொறிப்பூச்சி. கினிப் பன்றிக்கென்றே உள்ள ஒரு வகை தோலுக்குள் வளை தோண்டி வாழ்கிறது. அது உண்டாக்கும் அரிப்பு சாதாரணமானதல்ல. சொறிந்து சொறிந்து ரத்தம் வரும். முற்றிய நிலையில் பிராணி வலிப்பு வந்ததுபோலத் துள்ளி விழும். இதைக் காது நோயென்றோ மூளைக் கோளாறென்றோ எண்ணிவிடுவது சுலபம். முயல்களின் காதில் வரும் இன்னொரு பூச்சி, காதுக்குள் பக்குப் பக்காக அடைத்துக்கொள்வது, எப்போதாவது பக்கத்திலிருக்கும் கினிப் பன்றிக்கும் போகிறது. பிராணிக் கடைகளில் இரண்டையும் ஒரே கூண்டில் அடைத்து விற்பது நாடெங்கும் வழக்கமாக இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பூச்சிக்கு ஐவர்மெக்டின் நல்ல மருந்து. ஊசியாகவோ சொட்டாகவோ 7 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை கொடுப்பார்கள். ஒரே தடவையில் தீராததற்குக் காரணம், மருந்து முட்டையைக் கொல்வதில்லை, பொரித்து வரும் குஞ்சுக்காகக் காத்திருக்க வேண்டும். ஆனால் இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. மாட்டுக்கு விற்கும் 1 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் உண்டு. 50 கிலோ எடைக்கு ஒரு மில்லி என்பது கால்நடைக் கணக்கு. அதே கணக்கில் 900 கிராம் கினிப் பன்றிக்குக் கிடைப்பது 0.018 மில்லி, அதாவது ஒரு சொட்டில் பாதிகூட இல்லை. மருந்துக் கடையில் புட்டியை வாங்கி வந்து கண்ணளவாக ஊற்றுகிறவர்கள் எவ்வளவு ஊற்றுகிறார்கள் என்பதை யோசித்தால் பயமாக இருக்கிறது. எடை போட்டு, மருந்தை நீர்க்கச் செய்து, டாக்டர் அளந்து தருவதுதான் வைத்தியம்.

கேரளத்தில் எல்லா நோய்க்கும் முதல் மருந்து தேங்காயெண்ணெய். காதுக்கும் அதுவே. வெளி மடலில் தடவுவதால் பெரிய கேடு இல்லை. துவாரத்துக்குள் ஊற்றுவது வேறு விஷயம். செவிப்பறை ஏற்கெனவே கிழிந்திருந்தால் எண்ணெய் நேரே நடுக்காதுக்குப் போய்ச் சேரும். செவிப்பறை முழுசாக இருக்கிறதா என்பதை விளக்குப் பொருத்திய காதுநோக்கியால் பார்க்காமல் சொல்ல முடியாது. வீட்டு டார்ச்சுக்கு அந்தத் திறமை கிடையாது. மனிதர்களுக்கான காதுச் சொட்டு மருந்துக்கும் இதே தடை பொருந்தும்.

இனி, சாய்ந்த தலைக்கு வருவோம். நடுக்காதுக்கு நோய் வரும் வழி பெரும்பாலும் வெளியிலிருந்து அல்ல, தொண்டையிலிருந்து. மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் மனிதர்களுக்கு இருப்பதுபோலவே கினிப் பன்றிக்கும் இருக்கிறது. சளி பிடித்த பிராணியின் மூக்கிலுள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ், போர்டெடெல்லா போன்ற பாக்டீரியாக்கள் அதன் வழியாக ஏறி, செவிப்பறைக்குப் பின்னாலுள்ள எலும்புக் கிண்ணத்தில் குடியேறிச் சீழ் கட்டுகின்றன. முயல்கள் போர்டெடெல்லாவை மூக்கில் சுமந்துகொண்டு ஒன்றும் நடக்காததுபோல நடமாடும். கினிப் பன்றிக்கு அது நிமோனியா வரை கொண்டுபோய் விடும். இரண்டையும் ஒரே கூண்டில் வைக்காதீர்கள் என்று மருத்துவர்கள் அடித்துச் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

நடுக்காதில் சீழ் இருக்கும் காலம் முழுவதும் வெளியே ஒன்றும் தெரியாமல் போகலாம். பிறருக்கு இரையாகும் பிராணிகளின் சுபாவம் அது. நோயைக் காட்டிக்கொண்டால் கழுகுக்கு அடையாளம் காட்டியதாகும். கூர்ந்து பார்த்தால் சில தடயங்கள் உண்டு: காதைப் பின்னங்காலால் அடிக்கடி சொறிவது, தலையை உதறுவது, கடினமான தீனியை மெல்லாமல் விடுவது, தும்மல், மூக்கில் ஈரம், எடை குறைவது. சீழ் உட்காதுக்குப் பரவியதும் சமநிலை கெடுகிறது. தலை சாய்வது, வட்டமிடுவது, கண் விழிகள் தாமாகவே இட வலமாக ஆடுவது எல்லாம் அந்தக் கட்டத்தில்தான். முக நரம்பு நடுக்காதை ஒட்டிச் செல்வதால் ஒரு பக்கக் காது தொங்கி, உதடு கோணி, அந்தப் பக்கத்துக் கண் மூடாமல் போவதும் உண்டு. மூடாத கண் காய்ந்து புண்ணாகும் என்பதால் அதற்கும் சேர்த்து வைத்தியம் தேவை.

தலை பொதுவாக நோயுள்ள காதின் பக்கம்தான் சாயும். மூளையிலேயே கோளாறு என்றாலும், அடிபட்டாலும் சாயலாம். எனவே எக்ஸ்ரே எடுத்து அந்த எலும்புக் கிண்ணம் தடித்திருக்கிறதா, உள்ளே மங்கலாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சி.டி. ஸ்கேன் இன்னும் தெளிவாகக் காட்டும். அவ்வளவு சின்னப் பிராணிக்கு மயக்கம் கொடுப்பது, செலவு இரண்டையும் எடை போட்டுத்தான் டாக்டர் முடிவு செய்வார்.

மருந்து உண்டு. ஆனால் பொறுமை வேண்டும். என்ரோஃப்ளாக்சசின், டிரைமெத்தோபிரிம் கலந்த சல்ஃபா, குளோரம்ஃபெனிகால் போன்றவற்றில் ஒன்றை வாய்வழியாகப் பல வாரங்கள் விடாமல் கொடுக்க வேண்டியிருக்கும். எலும்புக் கிண்ணத்தில் கட்டிய சீழுக்குள் மருந்து போய்ச் சேர நேரம் எடுக்கிறது. பத்து நாளில் தேறிவிட்டதென்று நிறுத்தினால் நோய் திரும்பி வருகிறது. வலி குறைய மெலோக்சிகாம் சேர்ப்பார்கள். கிருமி ஒழிந்த பிறகும் சிலவற்றுக்குத் தலை லேசாகச் சாய்ந்தே இருக்கும். அப்படியே பல ஆண்டுகள் தின்று, கத்தி, சந்தோஷமாக வாழ்ந்துவிடும்.

இப்போது மிக ஆபத்தான விஷயம். அநேகமாக எல்லா வீட்டு ஃபிரிட்ஜிலும் குழந்தைக்கு வாங்கி மிச்சமான அமாக்சிசிலின் சிரப் ஒன்று இருக்கும். குழந்தையின் காது வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான். அதே காது வலி, அதே மருந்து, சின்ன அளவு என்று யாருக்கும் தோன்றும். கினிப் பன்றிக்கு அது விஷம். பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், லின்கோமைசின், கிளிண்டாமைசின், வாய்வழி எரித்ரோமைசின் ஆகியவை அதன் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்களை அழித்துவிடுகின்றன. அந்த வெற்றிடத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்ற கிருமி பெருகி நஞ்சைக் கக்குகிறது. பேதி கண்டு சில நாட்களில் பிராணி செத்துப்போகும். காது நோயால் செத்தது என்றே வீட்டில் நினைப்பார்கள்.

இந்த உண்மை புதியதல்ல. பெனிசிலின் கினிப் பன்றிகளைக் கொல்கிறது என்று 1943லேயே ஆய்வு வெளியாகிவிட்டது. மருத்துவ வரலாற்றில் இது ஒரு சுவையான தற்செயலையும் நினைவூட்டுகிறது. 1940 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃப்ளோரியின் குழு பெனிசிலினை முதலில் சோதித்தது எட்டு எலிகளில். மருந்து பெற்ற நான்கும் பிழைத்தன, பெறாத நான்கும் இறந்தன. எலிகளுக்குப் பதில் கினிப் பன்றிகள் கைக்குக் கிடைத்திருந்தால் பெனிசிலின் அன்றே குப்பைக்குப் போயிருக்கலாம்.

ஸ்ட்ரெப்டோமைசின் கதை இதற்கு நேர்மாறு. காசநோய்க்கான அந்த மருந்தை 1944ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபெல்ட்மனும் ஹின்ஷாவும் கினிப் பன்றிகளில்தான் பரிசோதித்து வெற்றி கண்டார்கள். மனிதர்களுக்குக் கொடுத்தபோது நுரையீரல் தேறியது, ஆனால் சிலருக்குத் தலைசுற்றலும் காது கேளாமையும் வந்தன. அந்தக் குடும்பத்து மருந்துகள் உட்காதின் நுண்மயிர் செல்களைச் சிதைக்கின்றன என்பதைப் பிறகு விளக்கமாகக் காட்டியதும் பெருமளவு கினிப் பன்றிகளே. ஜென்டாமைசினும் அந்தக் குடும்பம்தான். அது கலந்த காதுச் சொட்டுகள் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன.

கேட்கும் திறன் பற்றிய ஆராய்ச்சியில் கினிப் பன்றிக்கு உள்ள இடம் வேறெந்தச் சிறு பிராணிக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. அதன் காதுச் சங்கு நடுக்காதின் குழிக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறது; எலும்பைத் திறந்தால் நேரே கண்ணில் படும். மனிதனுக்கு அது மண்டை எலும்புக்குள் ஆழப் புதைந்திருக்கிறது. ஒலி அலை சங்குக்குள் எப்படிப் பயணம் செய்கிறது என்று கண்டுபிடித்து 1961ல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஃபான் பெகெஷி பயன்படுத்தியவற்றில் கினிப் பன்றியின் காதும் ஒன்று. கை தட்டினால் அதன் காது மடல் சட்டென்று பின்னுக்கு அசையும். 19ஆம் நூற்றாண்டு உடலியலாளர் பிரேயரின் பெயரால் வழங்கும் இந்த அனிச்சை அசைவைப் பார்த்தே ஆய்வுக்கூடங்களில் அதற்குக் காது கேட்கிறதா என்று தீர்மானித்தார்கள். வீட்டிலும் செய்து பார்க்கலாம், முதுகுப் பக்கமிருந்து, காற்று படாமல். ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தத்துக்கு ‘க்வீக், க்வீக்’ என்று கத்திக் கீரை கேட்ட பிராணி திடீரென்று மௌனமாகிவிட்டால் அதுவும் ஒரு தடயம்.

திருவனந்தபுரத்துக்கே இந்த உறவில் பங்கு உண்டு. பூஜப்புரை சாட்டல்மண்ட் அரண்மனை வளாகத்தில் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இயங்குகிறது. மருத்துவ சாதனங்கள் உடலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று சோதிக்கும் இடம். உலகெங்கும் இத்தகைய சோதனைகளில் தோல் ஒவ்வாமையை அறியப் பல ஆண்டுகளாகக் கினிப் பன்றியே அளவுகோல். ‘சோதனை எலி’ என்று நாம் பேச்சில் சொல்வதற்கு ஆங்கிலத்தில் இதன் பெயர்தான்.

இவ்வளவு கடன் பட்ட மனித குலம், அதற்குக் காது வலி வந்தால் எங்கே கொண்டுபோவது? குடப்பனக்குன்னில் அரசின் பல்துறைக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. பாலோட்டில் மாநிலக் கால்நடை நோய் ஆய்வு நிலையம் இருக்கிறது. 1955ல் தொடங்கிய மண்ணுத்திக் கல்லூரி தலைமுறை தலைமுறையாக மருத்துவர்களை உருவாக்கியிருக்கிறது. ஆனால் நம் நாட்டுக் கால்நடைப் படிப்பு பசு, எருமை, ஆடு, கோழியை மையமாக வைத்து எழுந்தது. பிறகு நாய் சேர்ந்தது, பூனை சேர்ந்தது. கினிப் பன்றியும் கிளியும் இன்னும் வாசலில்தான் நிற்கின்றன. இதில் மருத்துவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மாதத்துக்கு ஒன்று வந்தால் அதிகம் என்ற பிராணிக்குக் கைப்பழக்கம் எங்கிருந்து வரும்? எனவே பிராணியை வாங்குவதற்கு முன்பே, சிறு பிராணிகளைப் பார்த்துப் பழகிய டாக்டர் யார் என்று விசாரித்து வைப்பது புத்திசாலித்தனம். மருந்து எழுதும்போது ‘இது கினிப் பன்றிக்கு ஆகுமா?’ என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

கடைகளுக்கும் பொறுப்பு உண்டு. 2018ல் மத்திய அரசு வெளியிட்ட வளர்ப்புப் பிராணிக் கடை விதிகளின்படி ஒவ்வொரு கடையும் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வாங்குபவர் அந்தச் சான்றிதழைக் கேட்கலாம். கேட்பவர்கள் குறைவு. குறைந்தபட்சம் மூக்கு ஒழுகும், தும்மும், காதோரம் செதில் உதிரும் குட்டியை இரக்கப்பட்டு வாங்கி, வீட்டிலிருக்கும் மற்றதோடு அன்றே சேர்த்துவிடாமல் இரண்டு மூன்று வாரம் தனியே வைக்கலாம்.

‘சில நூறு ரூபாய்ப் பிராணிக்கு ஆயிரக்கணக்கில் செலவா, புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே’ என்ற கேள்வி எல்லா வீட்டிலும் எழும். அதைக் கேட்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை, மாதக் கடைசியில் இருப்பவர்கள். ஆனால் இது 5 முதல் 8 ஆண்டுகள் வாழும் ஜீவன். மூன்றாம் வகுப்பில் வாங்கிக் கொடுத்தது பத்தாம் வகுப்புப் பரீட்சை வரை கூட இருக்கும். பேரம் அந்தக் குழந்தையின் முன்னால் நடக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். செலவுக்கு வழியே இல்லையென்றால் அதையும் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம். ஸ்கேனைத் தவிர்த்து மருந்தை மட்டும் தொடங்குவது பல சமயம் சாத்தியம்.

வைத்தியம் நடக்கும் வாரங்களில் பாதிப் பொறுப்பு வீட்டாருடையது. கினிப் பன்றி ஒரு நாள் முழுக்கத் தின்னாவிட்டால் குடல் நின்றுவிடும், அதுவே அவசர நிலை. தலை சுற்றும் பிராணிக்குத் தட்டைத் தேடிப் போக முடியாது. புல்லையும் கீரையையும் வாய்க்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். தானாகத் தின்னவில்லை என்றால், தீனி உருண்டைகளை ஊறவைத்துக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் பக்கவாட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டலாம். சமையலறைத் தராசில் தினமும் எடை பார்த்து எழுதி வைப்பது எந்தப் பரிசோதனைக்கும் குறைந்ததல்ல. மாடிக்கூண்டு வேண்டாம், ஒரே தளம் போதும். சுருட்டிய துண்டுகளை இரு புறமும் வைத்தால் உருளாமல் சாய்ந்து படுக்கும். மரத்தூளை அள்ளிவிட்டுப் பழைய பருத்தித் துணி விரித்து, தினமும் மாற்றி, வெயிலில் காயவைக்கலாம்.

வைட்டமின் சி இன்னொரு முக்கியம். மனிதனைப் போலவே கினிப் பன்றியின் உடலும் இதைத் தானாகத் தயாரிப்பதில்லை. மாலுமிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய் உணவுக் குறைவால் வருவது என்பதை 1907ல் நார்வேயின் ஹோல்ஸ்டும் ஃப்ரோலிக்கும் இதே பிராணியில்தான் கண்டறிந்தார்கள். பற்றாக்குறை உள்ள பிராணிக்குத் தொற்று எளிதில் தீராது. தண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்து சில மணி நேரத்தில் வீரியம் இழந்துவிடும். குடைமிளகாய்த் துண்டு, கொய்யாக் கீற்று, துளி நெல்லிக்காய் போதும். மூன்றும் இந்த ஊரில் தெருமுனையில் கிடைக்கும்.

டாக்டரிடம் கொண்டுபோகும்போது அட்டைப் பெட்டியில் காற்றுத் துளை போட்டு, துணி விரித்து, ஒரு துண்டு வெள்ளரி வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். ஜோடியாக வளர்ந்ததென்றால் ஜோடியையும் அழைத்துப் போகலாம், இரண்டையும் டாக்டர் பார்த்துவிடுவார். உச்சி வெயிலில் ஆட்டோவில் போவதைத் தவிர்த்துக் காலையிலேயே புறப்படுவது நல்லது. என்ன தின்றது, எத்தனை நாளாகத் தலை சாய்ந்திருக்கிறது, வீட்டில் ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்று கேட்பார்கள். அமாக்சிசிலின் கொடுத்திருந்தால் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.